சேர்ந்து கட்டுவதும் தனித்து வெல்வதும்
(மின்வணிக உத்தி, தொழில்நுட்பக் கல்வி குறித்து ஒஸ்லோவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மின்வணிக உத்தியையும் அதன் தொழில்நுட்பத்தையும் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒஸ்லோத் தமிழ் வீடுகளில் மருத்துவமும் பொறியியலும் விளக்கம் தேவைப்படாத படிப்புகள். இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் மட்டும் “இணையத்தில் கடை போடவா மூன்று வருடம், ஐந்து வருடம் படிக்கவேண்டும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடை போட மட்டும்தான் என்றால் ஒரு வார இறுதி போதும். வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருளில் படங்களை ஏற்றி, விலையைப் போட்டு, பணம் வாங்கும் பொத்தானை வைத்துவிடலாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலில் எதைப் போட்டியாளரோடு சேர்ந்து கட்டவேண்டும், எதைத் தனியே நின்று வெல்லவேண்டும் என்று பிரித்தறியும் கண்தான் இந்தப் படிப்பு தரவேண்டிய செல்வம். மற்ற நுட்பங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடும். அந்தக் கண்ணைப் பயிற்றுவிக்க நோர்வே ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஏன் என்பதை இங்கே நடந்த சில கதைகளைக் கொண்டு காட்டப் பார்க்கிறேன்.

1. இரண்டு வாசல்கள்

ஒஸ்லோவில் இந்தப் படிப்புக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கணினியியல் பக்கத்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் தகவலியல் துறையில் இலக்கமுறைப் பொருளாதாரமும் தலைமைத்துவமும் என்ற இளநிலைப் படிப்பு இருக்கிறது. நிரலெழுதக் கற்றுக்கொண்டே சந்தையையும் நிறுவனத்தையும் படிக்கலாம். மற்றது வணிகப் பக்கத்தது. 1943இல் தொடங்கி இப்போது நீடாலனில் இருக்கும் பிஐ வணிகக் கல்லூரியில் கணக்கியலும் சந்தைப்படுத்தலும் கற்பவர்கள் அங்கிருந்து தொழில்நுட்பத்தை நோக்கி நடக்கிறார்கள்.

செலவையும் சொல்லவேண்டும். பிஐ தனியார் நிறுவனம், அங்கே கட்டணம் உண்டு. அரச பல்கலைக்கழகங்களில் எல்லோருக்கும் இலவசம் என்றிருந்த நிலை 2023 இலையுதிர்காலத்தோடு மாறிவிட்டது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து படிக்க வருகிறவர்கள் இப்போது கட்டணம் செலுத்தவேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் மருமகனுக்கு “நோர்வேயில் படிப்பு இலவசம்தானே” என்று பழைய நினைவில் சொல்லிவிடாதீர்கள்.

எந்த வாசலால் வந்தாலும் தொடக்கத்தில் எதிர்வாசலை மட்டமாக நினைப்பது வழக்கம். நிரலெழுதும் பிள்ளைக்கு உத்தி என்பது வெறும் பேச்சு. வணிகம் படிக்கும் பிள்ளைக்குத் தொழில்நுட்பம் யாரிடமாவது காசு கொடுத்துச் செய்விக்கும் வேலை. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதில்தான் இந்தப் படிப்பின் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

2. டாலும் நீகோர்டும் விட்டுச்சென்றது

அப்படி ஒரு மேசையை ஒஸ்லோ முன்பே கண்டிருக்கிறது. 1960களில் நோர்வே கணினி மையத்தில் ஊலே-யூகான் டால், கிறிஸ்டன் நீகோர்ட் என்ற இருவர் சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர், துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல் போன்றவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதே முதல் நோக்கம். அதற்காக அவர்கள் ஒவ்வொன்றையும் தன் விவரங்களையும் தன் செயல்களையும் தானே வைத்திருக்கும் ஒரு பொருளாக எழுதினார்கள். 1967இல் வந்த சிமுலா 67 அந்தச் சிந்தனையை முழுமையாக்கியது. இன்று எந்த இணையக் கடையின் நிரலைத் திறந்தாலும் வாடிக்கையாளர், கூடை, கட்டளை என்று பெயரிட்ட பொருள்களைக் காணலாம். அவையெல்லாம் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. 2002இல் இருவருமே மறைந்தார்கள். தகவலியல் துறையின் இரண்டு கட்டடங்கள் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நீகோர்ட் இன்னொரு சொத்தையும் விட்டுச்சென்றார். 1970களின் தொடக்கத்தில் அவர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குள் கணினி வருகிறது என்றால், அதனால் வேலை மாறப்போகிறவர்களுக்கு அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்கவேண்டும், அதன் வடிவமைப்பில் அவர்களுக்கும் சொல் இருக்கவேண்டும் என்பது அவர் நிலை. 1975இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் கணினிமயமாக்கல் குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. களஞ்சியத்தில் பொருள் எடுப்பவர் எந்த வழியால் நடக்கவேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கும் இந்தக் காலத்தில், அந்த மென்பொருளை எழுதுமுன் அவரிடம் யாராவது கேட்டார்களா என்று ஒரு மின்வணிக மாணவர் கேட்கவேண்டும். கேட்காமல் எழுதியது பெரும்பாலும் களத்தில் முடங்கும். அறம் ஒருபுறம் இருக்கட்டும், இலாபக் கணக்குக்கும் இது பொருந்தும்.

3. ஒரு பில்லின் அடியில் இருக்கும் இலக்கம்

இனி, போட்டியாளர்கள் சேர்ந்து கட்டும் அடித்தளத்துக்கு வருவோம். வீட்டுக்கு வரும் மின்சார பில்லையோ தொலைபேசி பில்லையோ எடுத்துப் பாருங்கள். கிட் என்று குறிப்பிட்ட ஒரு நீண்ட இலக்கம் இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் தட்டித்தான் பணம் கட்டுகிறோம். அதில் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது.

12345 என்பது உங்கள் பில்லின் இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். வலது ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்கள். 5 பத்தாகும், அதன் இலக்கங்களைக் கூட்டினால் 1. 4 அப்படியே இருக்கும். 3 ஆறாகும். 2 அப்படியே. 1 இரண்டாகும். 1, 4, 6, 2, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 15. அடுத்த பத்தின் மடங்கான 20ஐ எட்ட இன்னும் 5 வேண்டும். அந்த 5ஐக் கடைசியில் ஒட்டினால் 123455. இதுதான் கிட் இலக்கம். இப்போது அவசரத்தில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி 132455 என்று தட்டுகிறீர்கள். முதல் ஐந்து இலக்கங்களின் கணக்கு 14 வருகிறது. கடைசியில் 6 இருந்திருக்கவேண்டும், இருப்பதோ 5. பணம் புறப்படுமுன்பே செயலி உங்களை நிறுத்திவிடும்.

பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆனால் அதன் பலனைப் பாருங்கள். எந்த வங்கியிலிருந்து பணம் வந்தாலும், அது எந்த வாடிக்கையாளரின் எந்த பில்லுக்கு வந்தது என்று கணக்கு மென்பொருள் தானே கண்டுகொள்ளும். “யார் கட்டினது இது?” என்று தேட ஒரு எழுத்தரை வைக்கவேண்டியதில்லை. நாட்டிலுள்ள எல்லா வங்கிகளும் ஒரே விதியை ஏற்றுக்கொண்டதால்தான் இது நடக்கிறது. ஒரு வங்கி மட்டும் இதை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவைத்திருந்தால் அந்த வங்கிக்கே பயன் இருந்திராது.

இணையத்தில் ஆளை அடையாளம் காட்டும் பாங்க்ஐடியும் அதே வழியில் வந்தது. 2004இல் நோர்வே வங்கிகள் சேர்ந்து இதை மக்கள் கையில் கொடுத்தன. ஒரு வங்கி உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்து, நீங்கள் நீங்கள்தான் என்று உறுதிசெய்துவிட்டால், அந்த உறுதியை வரித்திணைக்களமும் மருத்துவமனையும் வீடு விற்பவரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அறிமுகமில்லாத இருவர் திரை வழியே இலட்சக்கணக்கான குரோனருக்கு ஒப்பந்தம் போடும்போது, “ஆள் யார்?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே விடை தேடவேண்டியதில்லை.

மூன்றாவது, மின்விலைப்பட்டியல். 2008 முதல் 2012 வரை ஐரோப்பாவில் பெப்போல் என்ற திட்டம் நடந்தது. அதை ஒருங்கிணைத்தது நோர்வேயின் ஓர் அரச முகமை. விற்பவர் ஒரு மென்பொருளும் வாங்குபவர் வேறொரு மென்பொருளும் வைத்திருந்தாலும் பில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போய்ச்சேர ஒரு பொது விதியும் இணைப்பு முனைகளும் போதும் என்பது அதன் சாரம். இன்று சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் வரை அது பரவியிருக்கிறது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கடை நடத்தும் நம்மவர் ஒருவர் பெப்போல் வழியே பில் அனுப்பினால், ஐரோப்பாவில் பிறந்த அதே விதிகள் அங்கும் வேலை செய்கின்றன.

ஊர்ப் பொதுக்கிணற்றைச் சேர்ந்து வெட்டிவிட்டு, அவரவர் தோட்டத்தை அவரவர் செய்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. கிணற்றுக்குப் போட்டி போட்டால் ஊரே தண்ணீரின்றி நிற்கும்.

4. போட்டி தொடங்கும் இடம்

அடித்தளம் பொது என்றால் உத்திக்கு என்ன வேலை? நிறைய உண்டு. இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

2000இல் ஆஃப்டன்போஸ்டன் உள்ளிட்ட நாளிதழ்கள் சேர்ந்து ஃபின் என்ற விளம்பரத் தளத்தைத் தொடங்கின. வீடு, கார், வேலை, பழைய சாமான் என்று சிறுவிளம்பரங்களில்தான் அந்தப் பத்திரிகைகளின் வருமானம் பெரிதும் இருந்தது. அதை இணையத்துக்கு மாற்றுவது தங்கள் காலைத் தாங்களே வெட்டிக்கொள்வதற்குச் சமம் என்று அப்போது பலர் நினைத்திருக்கலாம். ஆனால் தாங்கள் வெட்டாவிட்டால் வெளியிலிருந்து வேறொருவர் வந்து வெட்டுவார் என்று கணக்குப் போட்டவர்கள் முந்திக்கொண்டார்கள். இன்று இந்த நாட்டில் வீடு வாங்கவோ சோபா விற்கவோ ஃபின்னைப் பார்க்காதவர் அரிது. வாங்குபவர் கூடினால் விற்பவர் கூடுவார், விற்பவர் கூடினால் வாங்குபவர் இன்னும் கூடுவார். பாடநூல் இதை வலைப்பின்னல் விளைவு என்கிறது.

கதையின் அடுத்த பகுதியையும் படிக்கவேண்டும். 2024இல், ஆஃப்டன்போஸ்டனையும் ஃபின்னையும் வைத்திருந்த ஷிப்ஸ்டெட் குழுமத்தின் செய்திப் பத்திரிகைகள் தினியஸ் அறக்கட்டளையின் கைக்குப் போயின. சந்தைத் தளங்கள் தனி நிறுவனமாக நின்றன. விளம்பரத்தைப் பெற்றெடுத்த பத்திரிகையும் விளம்பரமும் பிரிந்துவிட்டன. வணிக உத்தி வென்ற இடத்தில் செய்தியின் செலவை இனி யார் சுமப்பது என்ற கேள்வி மிஞ்சியது. அதையும் வகுப்பறையில்தான் விவாதிக்கவேண்டும்.

இரண்டாவது கதை விப்ஸ் என்ற பணச்செயலி. 2015 மே 30இல் நாட்டின் மிகப் பெரிய வங்கியான டிஎன்பி அதை வெளியிட்டது. கைத்தொலைபேசி இலக்கம் தெரிந்தால் பணம் அனுப்பலாம். அந்த வங்கி எடுத்த முக்கியமான முடிவு, தன் வாடிக்கையாளருக்கு மட்டும் என்று வேலி போடாததுதான். எந்த வங்கியின் அட்டை வைத்திருப்பவரும் விப்ஸைப் பயன்படுத்தலாம். டென்மார்க்கின் மொபைல்பே இங்கே போட்டிக்கு இருந்தது, சில உள்ளூர் முயற்சிகளும் இருந்தன. 2017இல் 100க்கும் மேற்பட்ட வங்கிகள் விப்ஸின் உரிமையில் பங்குகொண்டன. மொபைல்பே நோர்வேயை விட்டுப் போனது. 2018இல் விப்ஸ், பாங்க்ஐடி, நாட்டின் வங்கி அட்டை முறையான பாங்க்அக்செப்ட் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

2022இல் விப்ஸும் மொபைல்பேயும் ஒன்றாக இணைந்தன. அந்த இணைப்பின்போது பாங்க்ஐடியையும் பாங்க்அக்செப்டையும் அதற்குள் இழுத்துக்கொள்ளாமல், நோர்வே வங்கிகளுக்குச் சொந்தமான தனி நிறுவனத்தில் வைத்தார்கள். நாடு கடந்து போட்டியிடப் போகும் செயலி ஒரு பக்கம், எல்லோரும் நிற்கும் அடித்தளம் இன்னொரு பக்கம். இந்த ஒரு முடிவை மாணவர்கள் நன்றாக அலசினால் போதும், ஒரு பருவத்துக்கான பாடம் அதில் இருக்கிறது.

அடித்தளத்தில் ஒருவர் மட்டும் வாசல் போட்டு அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் விப்ஸே சாட்சி. ஐஃபோனில் தொட்டுப் பணம் செலுத்தும் வசதியை ஆப்பிள் நீண்டகாலம் தன் செயலிக்கே வைத்திருந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு 2024 ஜூலையில் அதைப் பிறருக்குத் திறக்க ஆப்பிள் கொடுத்த வாக்குறுதி சட்டக் கடப்பாடானது. அதே ஆண்டு டிசம்பரில் விப்ஸ் ஐஃபோனில் தொட்டுச் செலுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் முன்பே இருந்தது. தடையாக இருந்தது வேறொருவரின் உத்தி.

5. தோற்ற கதையும் பாடம்தான்

வென்றவர்களை மட்டும் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். 2013இல் ஒஸ்லோவில் கொலோனியல் என்ற இணைய மளிகைக் கடை தொடங்கியது. 2021இல் ஓடா என்று பெயர் மாறியது. நல்ல மென்பொருள், பெரிய களஞ்சியம், வீட்டு வாசலுக்கு வரும் பெட்டிகள், உலகப் பெயர்பெற்ற முதலீட்டாளர்கள் என்று எல்லாம் இருந்தது. பின்லாந்துக்கும் பெர்லினுக்கும் போனார்கள். 2023இல் இரண்டு இடத்திலிருந்தும் திரும்பினார்கள். பிறகு சுவீடனின் மாட்ஹெம் நிறுவனத்தோடு இணைந்தார்கள்.

பெர்லினுக்குப் போனதும் தொழில்நுட்பம் மட்டமாகிவிடவில்லை. மளிகைப் பொருளில் இலாபம் மெல்லியது. ஒரே தெருவில் பல வீடுகள் வாங்கினால்தான் வண்டிச்செலவு கட்டுப்படியாகும். புதிய நகரத்தில் அந்த நெருக்கம் உருவாகும் வரை நட்டத்தைத் தாங்கப் பணம் வேண்டும். வட்டி ஏறிய அந்த ஆண்டுகளில் முதலீட்டாளரின் பொறுமை குறைந்துவிட்டது. நிரலெழுதும் மாணவர் வட்டிவீதத்தையும், வணிக மாணவர் வண்டி செல்லும் பாதையைத் தீர்மானிக்கும் வழிமுறையையும் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

6. வெளியே நிற்பவர்கள்

பொது அடித்தளத்தைப் புகழ்ந்து பேசினேன். அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பாங்க்ஐடி பொதுவானது, ஆனால் அரசுடையது அல்ல, வங்கிகளுடையது. வங்கிக் கணக்கு கிடைக்காதவருக்கு அதுவும் எளிதில் கிடைக்காது. புதிதாக வந்த அகதி காத்திருக்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகளோடு வந்துசேர்ந்த வயதான தாய் தகப்பனுக்கு மருத்துவரிடம் நேரம் எடுக்கவும் மகளின் உதவி வேண்டியிருக்கிறது. அம்மாவின் பாங்க்ஐடியைப் பிள்ளை தன் கையில் வைத்துக்கொள்வது நம் வீடுகளில் அன்பினால் நடக்கும் காரியம். விதிப்படி அது கூடாது, ஏனென்றால் அது கையெழுத்துக்குச் சமம். அந்தக் கையெழுத்தை வேறொருவர் போட்டுக் கடன் எடுத்த வழக்குகள் இந்த நாட்டில் நிறைய நடந்திருக்கின்றன. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய நிதி ஒப்பந்தச் சட்டம் அப்படி ஏமாற்றப்பட்டவரின் சுமையைக் குறைத்தது. யாருக்குக் கதவு திறக்கவில்லை என்று கேட்பதும் வடிவமைப்பின் பகுதி என்பதை மாணவர் இங்கே கற்கவேண்டும்.

சட்டத்தை இன்னொரு காரணத்துக்காகவும் படிக்கவேண்டும். அமேசானின் கட்டண உறுப்பினர் திட்டத்திலிருந்து விலகுவது வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருப்பதாக ஒஸ்லோவிலுள்ள நுகர்வோர் மன்றம் 2021இல் முறையிட்டது. அதே பழக்கம் அமெரிக்காவில் வழக்காகி, 2025இல் 250 கோடி டொலருக்கு முடிவுக்கு வந்தது. கிரைண்டர் என்ற துணைதேடும் செயலி பயனாளர் தரவைப் பகிர்ந்ததற்காக நோர்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் 6.5 கோடி குரோனர் தண்டம் விதித்தது. 2024இல் ஒஸ்லோ நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. “பயனாளரை எப்படியாவது பிடித்துவைத்துக்கொள்” என்பதை உத்தி என்று கற்பிக்கும் பாடநூலைவிட இந்த வழக்குகள் பயனுள்ள வாசிப்பு.

7. நம் பக்கத்துக் கணக்கு

இந்தப் பாடங்கள் நோர்வேக்கு மட்டும் உரியவை என்று எண்ணவேண்டாம். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்-2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள் முதலில் களம் கண்டது கேரளத்தில், 2006இல். கோவிட் பரவத் தொடங்கிய 2020 ஜனவரியில் நாட்டுக்குள் வருகிறவர்களைக் கண்காணிக்க இலங்கையின் குழு அதே மென்பொருளில் ஒரு பகுதியைச் சில நாட்களில் எழுதியது. அது பிறகு பல நாடுகளுக்குப் போனது. திறந்த அடித்தளம் இருந்ததால் கொழும்பில் எழுதியது ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்தது.

இந்தியாவின் பணம் செலுத்தும் முறையான யுபிஐயும் வங்கிகள் சேர்ந்து கட்டிய கிணறுதான். 2016இல் தொடங்கி இன்று தேநீர்க்கடை வரை போயிருக்கிறது. ஆனால் அதன் மேலே பெரும்பங்குப் பரிமாற்றம் ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகளின் வழியே நடக்கிறது. ஒரு செயலிக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு அறிவிக்கப்பட்டும், அதை நடைமுறைப்படுத்தும் நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. அடித்தளத்தைப் பொதுவாக்கியபின் மேல்தளம் ஒருசிலரிடம் குவிந்தால் என்ன செய்வது? விப்ஸையும் யுபிஐயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய ஒரு முதுநிலை மாணவருக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் பிடித்த சீட்டு, வங்கி கடன் தராத காலத்தில் கடையும் வீடும் கல்யாணமும் ஆனது. முகம் தெரிந்தவர்களுக்குள் கழிவு கேட்டு எடுக்கும் ஏலம், பிணை நிற்பவர், ஏமாற்றினால் ஊரில் பெயர் கெடும் என்ற பயம், இவைதான் அதன் தொழில்நுட்பம். ஆள் ஓடிவிட்டால் தேட ஒரு பதிவேடும் இல்லை என்பது அதன் பலவீனம். கேரள அரசுக்குச் சொந்தமான கேஎஸ்எஃப்இ நிறுவனம் 1969 முதல் சீட்டு நடத்துகிறது. 2018இல் வெளிநாட்டில் வாழும் மலையாளிகளுக்காக இணையத்திலேயே சேர்ந்து இணையத்திலேயே ஏலம் கேட்கும் பிரவாசி சிட்டியைக் கொண்டுவந்தது. மாமா, சித்தப்பா என்ற உறவில் நின்ற நம்பிக்கையை அரசின் பொறுப்பும் அடையாளச் சரிபார்ப்பும் கொண்டு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். நம் சமூகத்தில் இதைச் செய்ய என்ன வேண்டும், எதைப் பொதுவில் வைக்கவேண்டும், எந்த நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும்? ஒஸ்லோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இந்த ஆய்வைச் செய்தால் அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். வேறு யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது.

எனவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. எந்த வாசலால் வந்தாலும் மறுவாசலின் ஒரு பாடத்தையாவது கடினமானதாகப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். தரவுத்தளம் படிப்பவர் ஒப்பந்தச் சட்டம் படியுங்கள், சந்தைப்படுத்தல் படிப்பவர் நிரலெழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்குச் சிலிக்கன் பள்ளத்தாக்கின் பெயர்களைத் தேடி ஓடாமல், இந்த நகரத்துத் தமிழ்க்கடை ஒன்றின் கொள்முதலை, பில்லை, விப்ஸ் வரவை எடுத்து ஆராயுங்கள். பட்டம் பெற்று எந்த நிறுவனத்துக்குப் போனாலும், புதிய திட்டம் ஒன்று மேசைக்கு வரும்போது “இதை நாம் தனியே கட்டத்தான் வேண்டுமா?” என்று முதல் ஆளாகக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்று கேட்பீர்கள். வங்கியில், வரித்திணைக்களத்தில், மருத்துவமனையில், கப்பல் நிறுவனத்தில் தொழில்நுட்பத்தாரும் மேலாண்மையாரும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் நிற்கும் மேசை ஒவ்வொரு நாளும் போடப்படுகிறது. அந்த மேசையில் இருவரையும் விளங்கிக்கொள்பவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். தமிழில் வணிக ஆய்வுக் கதைகள் மிகக் குறைவு. தென்னாசியாவிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழர் நடத்தும் தொழில்கள் இணையத்துக்கு மாறிய வரலாற்றை, வென்றதையும் தோற்றதையும், மாணவர்களைக்கொண்டு எழுதுவிக்க ஆண்டுக்கு ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். எழுதியதை யாரும் எடுத்துப் பாடமாக வைத்துக்கொள்ளும்படி பொதுவில் விடுங்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் உள்ள வகுப்பறைகள் அதிலிருந்து எடுக்கட்டும், தங்களுடையதைச் சேர்க்கட்டும். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேசுபவரை அப்படி எழுதிய ஒரு மாணவரிலிருந்து தெரிவுசெய்தால் இன்னும் மகிழ்வேன்.